குடும்பப் படத்தில் ஒரு நாய்

போன கோடை விடுமுறையில் திருவெறும்பூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வெயில் தாழும்வரை பிள்ளைகள் வெளியே ஓடக் கூடாது என்று அக்கா டிவியில் ‘ஓ மை டாக்’ படத்தைப் போட்டுவிட்டார். அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேர், தெருப் பிள்ளைகள் ஆறேழு பேர். வாசற்படியில் மணி. மணி அந்தத் தெருவின் நாய். யாருடைய நாய் என்று கேட்டால் பதில் வராது. எல்லா வீட்டுச் சோறும் அதற்கு உண்டு. செம்பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும், முன்னங்காலில் பழைய தழும்பு.

படம் பாதி ஓடியபோது ஒன்பது வயது அக்கா மகள் கேட்டாள்: “ஏன் மாமா, சினிமால வர்ற நாயெல்லாம் வேற மாதிரி இருக்கு? நம்ம மணி மாதிரி ஒன்னுகூட வரலியே?”

நான் யோசிப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பையன் பதில் சொல்லிவிட்டான்: “அதெல்லாம் சாதி நாய்டி. மணி சும்மா நாய்.”

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ‘சும்மா நாய்’தான்.

‘ஓ மை டாக்’ 2022 ஏப்ரல் 21 அன்று அமேசான் பிரைமில் நேரடியாக வெளியானது. சூர்யாவும் ஜோதிகாவும் தயாரித்தார்கள், சரோவ் சண்முகம் இயக்கினார். தாத்தாவாக விஜயகுமார், அப்பாவாக அருண் விஜய், மகனாக அர்ணவ் விஜய். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை ஒன்றாக நடித்த படம் என்பதே அதன் விளம்பரம். கதை ஊட்டியில் நடக்கிறது. நாய்க் கண்காட்சிகளில் பரிசு வாங்கிக் குவிக்கும் பணக்கார வில்லனிடம் ஒரு ஹஸ்கி குட்டி பார்வையில்லாமல் பிறக்கிறது. தன் கூடத்தின் பெருமைக்கு இழுக்கு என்று அதைக் கொன்றுவிடச் சொல்கிறான். தப்பிய குட்டி பள்ளிக்கூடப் பையன் கைக்கு வந்து சேர்கிறது. அவன் அதற்கு சிம்பா என்று பெயர் வைக்கிறான், ஒளித்து வளர்க்கிறான். அறுவை சிகிச்சையில் அதற்குப் பார்வை கிடைக்கிறது. கடைசியில் அந்தக் கண்காட்சியிலேயே அது போட்டியிடுகிறது.

படத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள், சிம்பாவுக்குக் கட்டுப் பிரிக்கும்போது இரண்டு பேர் அழுதார்கள், நானும் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஊனத்தோடு பிறந்த உயிரைத் தூக்கி எறிகிறவன் கெட்டவன், அதைக் கையில் ஏந்துகிறவன் நல்லவன் என்று ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் படம் நல்ல படம்தான். சாதி ஒழிப்பு பேசுகிற நாம் பிள்ளைகளுக்குக் காட்ட நம்மிடம் எத்தனை படம் இருக்கிறது? அந்த வெட்கம் எனக்கு உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ‘இனத்தூய்மை’ப் பெருமையை வில்லத்தனமாகக் காட்டும் படம், தன் வெற்றியை எங்கே போய்த் தேடுகிறது? அந்தப் பெருமைக்கென்றே நடத்தப்படும் கண்காட்சியின் மேடையில். குட்டிக்குப் பார்வை இல்லாதது மட்டும்தான் குறை. ரத்தம் ‘சுத்தம்’. பார்வை வந்ததும் அது தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. மணியை அந்த மேடையில் ஏற்ற முடியாது. பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, பரம்பரைதான் இல்லை.

நாய்க்கு ‘பிரீடு’ என்று ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழன் எப்படிச் சொன்னான் என்று பாருங்கள். ‘சாதி நாய்’. இனம், வகை என்று வேறு சொற்கள் இல்லாமலில்லை. ஆனால் கடைத்தெருவில், டீக்கடையில், நாய் விற்பவரிடம் வழங்கும் சொல் இதுதான். “சாதி நாய்ங்க, இருபதாயிரம் சொல்றான்.” விலை, அழகு, அடக்கம், விசுவாசம் எல்லாம் சாதியோடு சேர்ந்து வருகிறது. தாய் தகப்பன் யார், பாட்டன் பூட்டன் யார் என்று அச்சடித்த சான்றிதழும் கொடுக்கிறார்கள். அதே தெருவில் பிறந்து, அதே தெருவைக் காவல் காக்கும் நாய் ‘சும்மா நாய்’. அந்தப் பையன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊர் பேசுவதைத் திருப்பிச் சொன்னான். மனிதர்களை அளக்கும் கோலை எடுத்து நாயை அளந்தோம். அளந்து பழகிய பிள்ளை, அந்தக் கோலை இயற்கை என்று நினைத்துக்கொள்கிறது.

ஆங்கிலம் இதைவிட மோசம். இந்தியத் தெருநாய்க்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ‘பறையா டாக்’. ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் உலகம் முழுக்க அகராதிகளில் இருக்கும் ‘பறையா’ என்ற சொல், பறையர் என்ற நம் மக்களின் பெயரிலிருந்து போனது. யாருக்கும் சொந்தமில்லாத நாய், குப்பையில் மேயும் நாய், அதற்கு யார் பெயரை வைக்கலாம் என்று யோசித்தபோது காலனி அதிகாரிக்குக் கிடைத்த பெயர் அது. இன்றும் நாய் நேசிப்பவர்களின் ஆங்கில எழுத்துகளில் ‘இந்தியன் பறையா’ என்று பாசமாகவே எழுதுகிறார்கள். ‘இண்டாக்’ என்று மாற்றிச் சொல்லலாம் என்று சிலர் முயல்கிறார்கள், நல்லது. ஆனால் நாய்க்குப் பெயரை மாற்றினால் போதுமா என்பது வேறு கேள்வி.

திருவெறும்பூர்க்காரர்களுக்கு இன்னொரு கதை தெரியும். மலைக்கோயில் தலபுராணம். தாரகாசுரனுக்குப் பயந்த தேவர்கள் எறும்பு உருவெடுத்து வந்து வழிபட்டார்களாம். வழுவழுப்பான லிங்கத்தில் எறும்புகளால் ஏற முடியவில்லை. அதனால் சிவன் தன்னைப் புற்றாக மாற்றிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்தும் கொடுத்தாராம். ஊருக்கே எறும்பிலிருந்துதான் பெயர். எறும்புக்குச் சாய்ந்து கொடுத்த சாமிகளின் கதை இந்த நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. எறும்பு, சிலந்தி, யானை, குரங்கு, நாய் எல்லாவற்றுக்கும் வழிவிட்ட கோயில்கள், வாசலில் நின்ற மனிதனுக்குக் கதவைத் திறக்கப் போராட்டமும் சட்டமும் தேவைப்பட்டன. உயிர்களிடத்தில் இந்தப் பண்பாட்டுக்கு அன்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிறது. அது எந்த இடத்தில் சட்டென்று நிற்கிறது என்பதுதான் விஷயம்.

மலைக்கோயிலிலிருந்து பெல் தொழிற்சாலைக் குடியிருப்பு தூரமில்லை. 1960-களில் பெல்லும் துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்த பிறகு திருவெறும்பூர் வட்டாரத்தின் முகமே மாறியது. இடஒதுக்கீட்டில் வேலை கிடைத்து, சேரியிலிருந்து நேரே குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த முதல் தலைமுறையினர் நம்மில் பலர் வீட்டில் உண்டு. அப்படிப்பட்ட ஒரு வீட்டில், தொண்ணூறுகளில், வெள்ளைப் பொமரேனியன் ஒன்று இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பெரியவர் மாலையில் சட்டையை இன் செய்துகொண்டு, சங்கிலியில் அதைப் பிடித்துக்கொண்டு, அகலமான சாலையில் நடப்பார். அப்போது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது சிரிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் ‘சார், என்ன பிரீடு?’ என்று கேட்பான். ‘நீங்க எந்த ஊரு, என்ன ஆளுக?’ என்று கேட்பதற்குப் பதிலாகக் கேட்கும் கேள்வி அது. அதற்குத் தயங்காமல் பதில் சொல்ல அவரிடம் ஒன்று இருந்தது. அந்தப் பத்து நிமிட நடையை அவர் எத்தனை ஆண்டு உழைத்துச் சம்பாதித்திருப்பார்.

நாய் வளர்ப்பது யாருக்கும் சாதாரண விஷயமாக இருக்கலாம். நமக்கு அது சாதாரணமாக விடப்பட்டதில்லை.

தென்மாவட்டங்களில் சில ஊர்களில் தலித் மக்கள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததைத் தீண்டாமை குறித்த கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. படிக்கும்போது வேடிக்கையாகத் தோன்றும். காரணத்தைக் கேட்டால் வேடிக்கை போய்விடும். சேரி ஆண் நாய் ஊர்த்தெருப் பெண் நாயோடு சேர்ந்துவிடுமாம். செருப்புப் போடாதே, சைக்கிளில் போகாதே என்பதெல்லாம் மரியாதை சம்பந்தப்பட்டது என்று சொல்லிக்கொண்டவர்கள், நாய் விஷயத்தில் உண்மையைக் கக்கிவிட்டார்கள். எல்லாம் இனப்பெருக்கத்தைப் பற்றிய பயம். அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று 1916-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் கட்டுரை வாசித்தார். அதைப் புரிந்துகொள்ள பல்கலைக்கழகம் போக வேண்டியதில்லை, அந்த ஊர்களின் நாய்களைப் பார்த்தால் போதும். 2025 ஜூலையில் திருநெல்வேலியில் கவின் செல்வகணேஷை வெட்டியதும் இதே பயம்தான்.

மத்தியப் பிரதேசம் மொரேனா மாவட்டத்தில் 2010-இல் நடந்தது இன்னும் ஒரு படி மேல். வயலில் கணவனுக்குச் சோறு கொண்டுபோன தலித் பெண் மிச்சமிருந்த ரொட்டியை அங்கே நின்ற நாய்க்குப் போட்டார். அது ஆதிக்கச் சாதிக்காரர் ஒருவரின் நாய், பெயர் ஷேரு. ரொட்டியைத் தின்றதால் நாய் தீட்டாகிவிட்டது என்று அவர் சண்டைக்கு வந்தார். பஞ்சாயத்து கூடியது. அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு 15,000 ரூபாய் அபராதம். நாயையும் அவர்கள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். ஷேருவின் தரப்பை யோசித்துப் பாருங்கள். நேற்றுவரை பெரிய வீட்டு நாய். ஒரு ரொட்டி தின்றது, இன்று சேரி நாய். மனிதர்களுக்குப் பிறப்பால்தான் சாதி வரும் என்கிறார்கள், நாய்க்கு ரொட்டியால்கூட வந்துவிடுகிறது. சண்டாளர்கள் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும், நாயும் கழுதையும்தான் அவர்களுக்குச் சொத்து என்று மனுவின் பத்தாம் அத்தியாயம் எழுதி வைத்ததை அந்தப் பஞ்சாயத்தார் படித்திருக்க மாட்டார்கள். படிக்காமலே தீர்ப்பைச் சரியாக எழுதிவிட்டார்கள்.

அதனால்தான் நாய்ப் படம் பார்த்து அழுவதை மனிதநேயத்துக்கான சான்றிதழாக யாராவது நீட்டும்போது எனக்கு உடனே வாங்கத் தோன்றுவதில்லை.

2022 ஜூனில் ‘777 சார்லி’ வந்தது. கன்னடப் படம், தமிழிலும் ஓடியது. கிரண்ராஜ் இயக்கம், ரக்ஷித் ஷெட்டி நடிப்பு. யாரோடும் ஒட்டாத தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவன் வாழ்க்கையில் ஒரு லாப்ரடார் நுழைகிறது. அதற்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் அதற்குப் பனியைக் காட்ட காஷ்மீர் வரை கூட்டிப் போகிறான். பார்த்தவர்கள் தேம்பினார்கள். அன்றைய கர்நாடக முதல்வர் பசவராஜ் பொம்மை தன் வளர்ப்பு நாயை நினைத்துக் கேமரா முன்பே அழுதார். படத்துக்கு மாநில வரிச் சலுகையும் கொடுத்தார். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை. நாயைப் பறிகொடுத்தவனுக்கு அந்த வலி தெரியும்.

மூன்றே மாதத்தில், செப்டம்பரில், அதே மாநிலம் கோலார் மாவட்டம் உல்லேரஹள்ளியில், ஊர்வலத்தில் வந்த சாமியின் கழியைத் தொட்டுவிட்டான் என்று ஒரு தலித் சிறுவனின் குடும்பத்துக்கு 60,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். ஊரைவிட்டு விலக்கிவைப்போம் என்று மிரட்டினார்கள். பதினைந்து வயதுப் பையன். கோலார் மாவட்டத்திலும் ‘777 சார்லி’ ஓடியிருக்கும். அபராதம் போட்டவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் அழுதிருப்பார்கள்.

இதில் முரண்பாடு ஏதும் இல்லை என்பதுதான் என் கருத்து. சாதி இந்துவால் நாயை மனதார நேசிக்க முடியும். நாய் அவனிடம் எதையும் திருப்பிக் கேட்காது. கிணற்றில் பங்கு கேட்காது, தேர்வடம் பிடிக்க வராது, அவன் மகளைக் காதலிக்காது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடாது. விசுவாசம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நாயிடம் அவன் புகழும் அதே குணத்தைத்தான் பண்ணையாளிடமும் எதிர்பார்த்தான். நாய் கடைசிவரை கொடுத்தது. நம் மக்கள் ஒரு கட்டத்தில் கொடுக்க மறுத்தார்கள்.

‘777 சார்லி’ நாயகனின் பெயர் தர்மா. அது எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. மகாபாரதத்தின் முடிவில் தருமன் தன்னோடு வந்த நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்பான். அந்த நாயே தருமதேவதை. குடும்பப் படங்களுக்குப் பிடித்த காட்சி இது, அழகான காட்சியும்கூட. ஆனால் அதே பாரதத்தில் இன்னொரு நாயும் உண்டு, அதை யாரும் படமாக எடுப்பதில்லை. பாண்டவர்களோடு வேட்டைக்கு வந்த நாய். காட்டுக்குள் கறுத்த உடம்போடு, மான்தோல் போர்த்தி நின்ற ஒருவனைப் பார்த்ததும் குரைத்தது. அவன் ஏழு அம்புகளால் அதன் வாயை மூடினான். அவன் நிடதன், பெயர் ஏகலைவன். வாயில் அம்போடு நாய் திரும்பி ஓடியதால்தான் அவன் வித்தை வெளியே தெரிந்தது, துரோணர் தேடி வந்தார், கட்டைவிரல் போனது. ஒரு நாய் அரசனோடு சொர்க்கத்துக்குப் போகிறது, இன்னொரு நாய் காட்டுக்காரனின் விரலுக்கு வழிகாட்டுகிறது. யாரைப் பார்த்துக் குரைக்க வேண்டும் என்று நாய்க்கும் பழக்கியிருந்தார்கள் போலிருக்கிறது. இன்றும் பங்களா கேட்டில் தூய்மைப் பணியாளரைப் பார்த்தும் சாப்பாடு கொண்டுவரும் பையனைப் பார்த்தும் குரைப்பதுபோல அது காரில் வருபவரைப் பார்த்துக் குரைப்பதில்லை.

தமிழில் இந்த இன்னொரு நாயின் பக்கத்தைப் பார்த்தவர் மாரி செல்வராஜ். ‘பரியேறும் பெருமாள்’ 2018 செப்டம்பரில் வந்தது. கறுப்பியைத் தெரியாதவர்கள் இதைப் படிப்பவர்களில் இருக்கமாட்டீர்கள். குட்டையில் நாய்களைக் குளிப்பாட்டிவிட்டு விலகிப் போகிறார்கள், அந்தத் தண்ணீரில் ஆதிக்கச் சாதி இளைஞன் சிறுநீர் கழிக்கிறான். பிறகு கறுப்பி தண்டவாளத்தில். அது வேட்டைநாய், நாய் வளர்ப்பவர்கள் கணக்கில் ‘சாதி நாய்’தான். ஆனால் யார் வீட்டு நாய் என்பதே அதன் சாதியை முடிவு செய்தது. நாயைக் கொன்றவர்கள் நாயைக் கொல்லவில்லை என்பது தியேட்டரில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் புரிந்தது. செத்த பிறகும் கறுப்பி படம் நெடுகப் பரியனோடு வந்துகொண்டே இருக்கிறாள்.

2023-இல் ‘மாமன்னன்’ அடுத்த கேள்விக்குப் போனது. ரத்தினவேலு நாய்களை வளர்க்கிறான், பந்தயத்தில் ஓடவிடுகிறான். தோற்றுவந்த நாயை அத்தனை பேர் முன்னால் அடித்தே கொல்கிறான். எதிரே அதிவீரன் பன்றிக்குட்டிகளை வளர்க்கிறான், அவற்றின் மீது நாய்கள் ஏவப்படுகின்றன. நாய் வளர்ப்பவன் எல்லாம் அன்பானவன் என்ற குடும்பப் பட இலக்கணத்தை ஒரே காட்சியில் உடைத்துப் போட்ட படம் அது. ரத்தினவேலுவுக்கு நாய் மீது இருப்பது பாசம் அல்ல, பெருமை. ‘ஓ மை டாக்’ வில்லனுக்கு இருப்பதும் அதுவேதான். அங்கே அது தனிமனிதக் கெட்ட குணம், இங்கே அது ஒரு சமூகத்தின் வளர்ப்பு. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நம் பக்கமும் திரும்ப வேண்டும். அக்கா மகளின் கேள்வி அங்கேதான் என்னைக் குத்தியது.

‘பரியேறும் பெருமா’ளை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்னால் போட்டுக்காட்ட முடியாது. ‘மாமன்ன’னையும் முடியாது. மராத்தியில் நாகராஜ் மஞ்சுளே எடுத்த ‘ஃபன்ட்ரி’, பன்றி பிடிக்கும் குடும்பத்துச் சிறுவனின் கதை, அதையும் முடியாது. இவை நமக்குத் தேவைப்பட்ட படங்கள். அந்த மரணங்களைக் காட்டாமல் விட்டிருந்தால் இன்னும் ஐம்பது ஆண்டுகள் பொதுப்புத்தி கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். அவர்கள் வீட்டு நாய் ஊட்டியில் ஓடி விளையாடுகிறது, காஷ்மீரில் பனி பார்க்கிறது, கோப்பை வாங்குகிறது. நம் வீட்டு நாய் திரைக்கு வந்தால் சாகிறது. நம் பிள்ளை தன் நாயைத் திரையில் பார்க்க வேண்டுமானால் அது தண்டவாளத்தில் கிடக்க வேண்டும். ஒடுக்குமுறையைக் காட்டுவது மட்டும்தான் நம் கலையின் வேலை என்று நாமே எல்லை போட்டுக்கொண்டால், மகிழ்ச்சி முழுவதையும் அவர்கள் பெயருக்குப் பட்டா எழுதிக்கொடுத்தது போல ஆகும்.

தோழர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது, “யதார்த்தம் அப்படித்தானே இருக்கு?” என்றார்கள். இல்லை. யதார்த்தத்தில் மணி இருக்கிறது. அது யாருடைய தண்டவாளத்திலும் கிடக்கவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வருபவர்களைத் தெருமுனையிலிருந்து வீடுவரை கொண்டுவந்து விடுகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது மெயின்ரோடு வரை போய்த் திரும்பிவிடுகிறது. அதைத் தாண்டினால் அடுத்த தெரு நாய்கள் விடாது. தெருக்காரர்கள் சேர்ந்து கூட்டிப் போய் அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணின் குழந்தைக்கு முதலில் அறிமுகமாகும் வேற்றுயிர் மணிதான். இதுவும் சேரி யதார்த்தம். கேமராவுக்கு இது தெரியவில்லை என்றால் கேமரா நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

இதற்கு மிக அருகில் வந்த படம் மணிகண்டனின் ‘காக்கா முட்டை’, 2015. சென்னைக் குடிசைப் பகுதிச் சகோதரர்கள் இருவர் பணக்காரப் பையனின் நாய்க்குட்டி ஆயிரக்கணக்கில் விலைபோகும் என்று கேள்விப்பட்டு, தங்கள் தெருநாயை விற்கப் போவார்கள். யாரும் வாங்கமாட்டார்கள். அரங்கமே சிரித்த காட்சி. பிரீடு என்ற கட்டுக்கதையை இதைவிட எளிமையாக யாரும் கிழித்ததில்லை. தங்கள் நாய்க்கு ஏன் அந்த விலை இல்லை என்பது அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே புரியாது. புரியாமலிருப்பதுதான் சரி. அந்தப் படத்தை என் அக்கா மகளுக்குக் காட்டலாம், காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அங்கேயும் நாய் ஒரு காட்சிதான், கதை பீட்சாவுடையது.

இடையில் தெருநாய் விவகாரம் பற்றிக் கேட்பீர்கள். 2025 ஆகஸ்ட் 11-இல் தில்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஆகஸ்ட் 22-இல் வேறு அமர்வு அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, வெறிபிடித்தவை, ஆளைத் தாக்குபவை தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நாய் நேசர்கள் ஒரு பக்கம், நாய்க்கடிக்குப் பயந்தவர்கள் ஒரு பக்கம் என்று இரண்டு அணிகள் தொலைக்காட்சியில் கத்தின. நடைபாதையில் தூங்கி முதலில் கடிபடுகிறவரையும், கடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊசிக்காக அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும் தாயையும், வண்டியில் போய்க் கையால் நாயைப் பிடிக்கும் மாநகராட்சி ஒப்பந்தத் தொழிலாளியையும் எந்த அணியிலும் நான் பார்க்கவில்லை. நாயைப் பிடிக்கும் வேலையை யார் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று விசாரித்தால், இந்த விவாதமும் எங்கே போய் முடியும் என்று தெரியும். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. நாயோடு நம்மை ஒப்பிடுவது நம் அரசியலில் பழைய வாதம், சரியான வாதம். 1927 மார்ச் 20 அன்று மகாத் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தபோது, விலங்குகள் குடிக்கும் குளத்தில் நாங்கள் குடிக்கக் கூடாதா என்பதே கேள்வியாக இருந்தது. 1931 ஆகஸ்டில் பம்பாயில் காந்தியைச் சந்தித்தபோதும், நாய் பூனையைவிடக் கேவலமாக எங்களை நடத்தும் நாட்டை எப்படித் தாய்நாடு என்று சொல்வேன் என்று அம்பேத்கர் நேராகவே கேட்டார். இந்த வாதத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, நாய் நமக்கு எதிர்த்தரப்பு என்பதுபோல ஒரு பழக்கம் சிலருக்கு வந்துவிட்டது. நாய் வளர்ப்பதே மேட்டிமை, நாய்க்கு அழுவதே நடுத்தர வர்க்க வியாதி என்கிறார்கள். நானே அப்படிப் பேசியிருக்கிறேன்.

அப்படிப் பேசுகிறவர்கள் ஒரு புகைப்படத்தைப் பார்க்க வேண்டும். 1934 பிப்ரவரியில் பம்பாய் தாதரில், ராஜகிருகத்தில் எடுத்தது. மகன் யஷ்வந்த், அம்பேத்கர், ரமாபாய், அண்ணி லட்சுமிபாய், அண்ணன் மகன் முகுந்த். கூடவே அந்த வீட்டு நாய் டோபி. காந்தியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. புத்தகங்களுக்காகவே பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. அடுத்த ஆண்டு மே மாதம் ரமாபாய் இறந்துவிடுவார். இந்தப் படத்தில் அது யாருக்கும் தெரியாது. ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொள்கிறது, நாயையும் சேர்த்துக்கொள்கிறது. யாரும் சாகவில்லை, யாரும் எதையும் நிரூபிக்கவில்லை. நான் பார்த்த குடும்பப் படங்களிலேயே சிறந்தது இதுதான்.

நீலம் போன்ற நம் தயாரிப்பு நிறுவனங்களுக்கும், குறும்படம் எடுக்கும் நம் இளைஞர்களுக்கும் ஒரு கோரிக்கை. பிள்ளைகள் பார்க்க ஒரு நாய்ப் படம் எடுங்கள். திருவெறும்பூரிலோ, வேறு எந்தக் காலனியிலோ. நாயின் பெயர் மணியாக இருக்கட்டும். சாதி இருக்கட்டும், மறைக்க வேண்டாம். மெயின்ரோட்டைத் தாண்டினால் எந்த நாய் குரைக்கும் என்று மணிக்கே தெரியும். ஆனால் கடைசிக் காட்சியில் அது வீட்டுக்குத் திரும்பி வரட்டும். கறுப்பியாக நடித்த நாய்கூட 2024 தீபாவளி சமயத்தில் பட்டாசுச் சத்தத்துக்கு மிரண்டு ஓடி வண்டியில் அடிபட்டு இறந்ததாகச் செய்தி வந்தது. இரண்டு முறை அழுதாயிற்று.

அன்று மாலை அக்கா மகளிடம் ராஜகிருகப் படத்தைச் செல்பேசியில் காட்டினேன். அம்பேத்கரை அவளுக்குத் தெரியும், தெருமுனையில் சிலை இருக்கிறது. நாய் இருப்பது தெரியாது. பெரிதாக்கிப் பார்த்தாள். “பேரு என்ன?” என்றாள். டோபி என்றேன். உடனே எழுந்து தெருவுக்கு ஓடி, தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லோரையும் வாசலுக்கு இழுத்து வந்தாள். நாற்காலி போட்டாயிற்று, வரிசையும் நின்றாயிற்று. மணி மட்டும் நிற்கவில்லை. சரியாக நான் எடுக்கும் நேரத்தில் எதையோ துரத்திக்கொண்டு ஓடிவிட்டது. படத்தில் பதினோரு பேரும் ஒரு வாலும் இருக்கிறது. அதை அக்கா பிரேம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார்.